எத்தனையும் எவ்வளவும்

"எத்தனை எண்ணெய் வாங்கி வரட்டும்?" என்று தாயாரைக் கேட்கும் தமிழ்க் குழந்தையை யாராவது பார்த்ததுண்டா? நான் பார்த்ததில்லை. "எவ்வளவு எண்ணெய்?" என்றுதான் அது கேட்கும். முட்டை வாங்கப் போனால் "எத்தனை முட்டை?" என்று கேட்கும். நாலு வயதில், பள்ளிக்கூடத்து வாசற்படியை மிதிப்பதற்கு முன்பே, எந்த உபாத்தியாயரும் பிரம்பைத் தூக்காமல், எந்தப் புத்தகத்தையும் காசு கொடுத்து வாங்காமல், அது இந்தப் பாடத்தைப் படித்து முடித்துவிட்டது.

அதே குழந்தை ஆறாம் வகுப்புக்கு வருகிறது. ஆங்கில இலக்கணப் புத்தகத்தில் 'கவுண்டபிள் நவுன்', 'அன்கவுண்டபிள் நவுன்' என்று இரண்டு தலைப்புகள். முன்னது எண்ணக் கூடியவற்றின் பெயர். பின்னது எண்ண முடியாதவற்றின் பெயர். கீழே இரண்டு பட்டியல்கள். குழந்தை அவற்றை உருப்போடுகிறது, பரீட்சையில் எழுதுகிறது, மறுவாரமே 'டூ பிரெட்ஸ்' என்று சொல்லிக் குட்டு வாங்குகிறது. அதற்குப் பிறகு, ஆங்கிலத்தில் வாயைத் திறக்கும்போதெல்லாம், எந்தச் சொல்லின் வாலில் ஓர் 'எஸ்' ஒட்ட வேண்டும், எதில் ஒட்டக் கூடாது என்று அதன் நாக்கு நடுங்குகிறது. நாற்பது வயதில் பெரிய உத்தியோகத்தில் இருக்கும்போதும் அந்த நடுக்கம் நிற்பதில்லை.

நாலு வயதில் தெரிந்திருந்த விஷயம் பதினொரு வயதில் தெரியாமல் போனது எப்படி? குழந்தை மந்தம் என்பார்கள் சிலர். தாய்மொழி கெடுத்துவிட்டது என்பார்கள் வேறு சிலர். இரண்டையும் நான் மறுக்கிறேன். கோளாறு பாடம் சொல்லுகிற முறையில் இருக்கிறது. மளிகைக் கடையில் தொடங்க வேண்டிய பாடத்தை நாம் கரும்பலகையில் தொடங்குகிறோம். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போக வேண்டிய குழந்தையை, தெரிந்ததை மறந்துவிட்டு வா என்று கூப்பிடுகிறோம்.

முதலில் அந்த விதியையே எடுத்துக்கொள்வோம். 'எண்ண முடியாதது' என்கிறார்களே, எது எண்ண முடியாதது? பணத்தை எண்ண முடியாதா? ஆங்கில இலக்கணம் 'மணி' என்ற சொல்லை எண்ண முடியாதவற்றோடுதான் சேர்த்திருக்கிறது. அப்படியானால் வங்கியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து காசாளர் காலை முதல் என்னதான் செய்துகொண்டிருக்கிறார்? நாற்காலியை எண்ணலாம், மேஜையை எண்ணலாம், கட்டிலை எண்ணலாம். மூன்றுக்கும் பொதுவாக 'பர்னிச்சர்' என்று பெயர் வைத்தவுடன் மூன்றும் எண்ணிக்கைக்கு அடங்காமல் போய்விடுகின்றனவாம்! ரயிலை விட்டு இறங்குகிற குடும்பத் தலைவர் பெட்டி இரண்டு, பை மூன்று, தண்ணீர்க் கூஜா ஒன்று என்று விரல் மடக்கி எண்ணிக்கொண்டு நிற்கிறார். அவர் எண்ணிக்கொண்டிருப்பது 'லக்கேஜ்'. அதுவும் எண்ண முடியாத பட்டியலில்தான் இருக்கிறது.

புத்திசாலியான குழந்தை இந்த விதியைப் படித்ததும் இதில் ஏதோ பொய் இருக்கிறது என்று கண்டுகொள்கிறது. கேள்வி கேட்டால் "அது அப்படித்தான், எழுதிக்கொள்" என்று பதில் வருகிறது. அன்றே அது ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது: ஆங்கிலம் என்பது யோசிக்கிற பாஷை அல்ல, மனப்பாடம் செய்கிற பாஷை என்று. இதைவிடப் பெரிய கெடுதல் ஒரு மாணவனுக்குச் செய்ய முடியுமா?

உண்மை என்ன? எண்ண முடியாதது பொருள் அல்ல. அந்தச் சொல்லை எண்ணிக்கையோடு சேர்த்துப் பேசுகிற வழக்கம் ஆங்கிலத்தில் இல்லை, அவ்வளவுதான். முடியாதது வேறு, வழக்கமில்லாதது வேறு. இந்த ஒரு வாக்கியத்தை வகுப்பில் சொல்லிவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. ஆனால் இதைச் சொல்லுகிற பாடப் புத்தகம் எத்தனை?

வழக்கம்தான் என்பதற்குச் சாட்சி வேண்டுமா? தானியங்களைக் கூப்பிடுவோம். கோதுமை மணியும் ஓட்ஸ் மணியும் உருவத்தில் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் ஆங்கிலத்தில் கோதுமைக்குப் பெயர் ஒருமை. ஓட்ஸுக்குப் பெயர் பன்மை. பட்டாணியின் கதை இன்னும் வேடிக்கை. பழைய ஆங்கிலத்தில் பட்டாணிக்கு 'பீஸ்' என்று பெயர். நாம் அரிசி என்கிற மாதிரி, குவியலுக்கெல்லாம் ஒரே சொல். அதன் கடைசியில் கேட்ட 'ஸ்' ஓசையைப் பன்மை விகுதி என்று ஜனங்கள் எண்ணிவிட்டார்கள். பன்மை இருந்தால் ஒருமை இருக்க வேண்டுமே! 17-ஆம் நூற்றாண்டு வாக்கில் 'பீ' என்று புதிதாக ஓர் ஒருமைச் சொல் பிறந்துவிட்டது. எண்ணாமல் இருந்த பட்டாணியை அன்று முதல் எண்ணத் தொடங்கினார்கள். பட்டாணி மாறவில்லை; செடி மாறவில்லை; பேச்சு மாறியது. அதுவும், இன்றைக்கு நம் குழந்தை செய்தால் குட்டு விழுகிறதே, அதே மாதிரிப் பிழையால் மாறியது!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பாகுபாட்டை நம் பாட்டனார்கள் இந்தப் பெயரில் படிக்கவில்லை. நம் நாட்டில் பல தலைமுறைகள் படித்த நெஸ்பீல்டு இலக்கணத்தில் 'மெட்டீரியல் நவுன்', அதாவது பொன், நீர், உப்பு போன்ற பொருட்பெயர் என்ற வகைதான் உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த ஓட்டோ எஸ்பெர்சன் 1924-இல் வெளியிட்ட இலக்கணத் தத்துவ நூலில், எண்ணுகிற சொற்கள், திரளைக் குறிக்கும் சொற்கள் என்று பிரித்து விளக்கினார். பிறகு ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி என்ற ஆசிரியர் தம் தோழர்கள் இருவரோடு சேர்ந்து ஓர் அகராதி தொகுத்தார். 1942-இல் டோக்கியோவில் வெளிவந்த அந்த அகராதியை 1948-இல் ஆக்ஸ்போர்டு தன் பெயரில் வெளியிட்டது. பெயர்ச்சொற்களில் எது எண்ணிக்கை ஏற்கும், எது ஏற்காது என்று 'சி', 'யு' எழுத்துகளால் அடையாளமிட்டுக் காட்டும் முறை அந்த அகராதியால்தான் உலகெங்கும் பரவியது.

இதில் கவனிக்க வேண்டியது எது? அந்த அடையாளம் ஆங்கிலேயக் குழந்தைக்காகப் போட்டதல்ல. அதற்கு அது தேவைப்படவில்லை. அதன் தாய் சமையல்கட்டில் ரொட்டியை நறுக்கிக்கொண்டே அதைக் கற்றுக் கொடுத்துவிட்டாள். வெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் கைகாட்டியாக நட்டது அது. நாமோ ஊருக்குப் போவதை விட்டுவிட்டுக் கைகாட்டி மரத்தைச் சுற்றிப் பிரதட்சிணம் செய்துகொண்டிருக்கிறோம்.

நம் குழந்தையிடம் மூலதனம் ஒன்றும் இல்லையா? நிறைய இருக்கிறது. 'எத்தனை', 'எவ்வளவு' என்று தமிழில் இரண்டு தனிச் சொற்கள் இருப்பதே ஆங்கிலத்தின் 'ஹவ் மெனி', 'ஹவ் மச்' இரண்டுக்கும் நேர் நிற்கிறது. "எவ்வளவு ஜனம்!" என்று வியப்பில் சொல்வதுண்டு, ஆனால் 'எத்தனை எண்ணெய்' என்று யாரும் சொல்வதில்லை. வரம்பு அவ்வளவு உறுதியாக இருக்கிறது. அளவைச் சொற்களுக்கும் நம்மிடம் பஞ்சமா? எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று அளவை நான்கு. நன்னூல் படித்தவர்களுக்கு அளவாகுபெயர் நினைவிருக்கும். "இரண்டு கிலோ கொடு" என்றால் கிலோ என்ற அளவு பொருளுக்கு ஆகி வந்தது. "அரை லிட்டர் வாங்கி வா" என்றால் லிட்டர் பாலுக்கு ஆகி வந்தது. இதைத் தமிழாசிரியர் இன்றும் சொல்லிக் கொடுக்கிறார்.

காலையில் முதல் பாடம் தமிழ் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழாசிரியர் கிலோவையும் லிட்டரையும் வைத்து அளவாகுபெயர் நடத்திவிட்டுப் போகிறார். மணி அடிக்கிறது. ஆங்கில ஆசிரியர் உள்ளே வருகிறார், கரும்பலகையைத் துடைக்கிறார். கிலோவும் லிட்டரும் தூளாகி உதிர்கின்றன. துடைத்த இடத்தில் அவர் எழுதுவது என்ன? 'எ கிலோ ஆப் ரைஸ்', 'எ லிட்டர் ஆப் மில்க்'! அதே கிலோ, அதே லிட்டர், அதே பிள்ளைகள். நடுவில் அடித்த மணி ஒன்றுதான் வித்தியாசம். ஆனால் இரண்டும் ஒன்று என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்வார் இல்லை.

சரி, தமிழ்க் குழந்தை பின் எங்கேதான் தடுக்கி விழுகிறது? அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தமிழில் அஃறிணைப் பெயர்களுக்குப் பன்மை விகுதி கட்டாயமில்லை. "பத்து மாம்பழம் கொடு" என்றால் போதும். பத்து மாம்பழங்கள் என்று கடையில் கேட்டால் கடைக்காரர் நம்மை மேடைப் பேச்சாளர் என்று நினைத்துக்கொள்வார். 'மாடு வந்தது' என்றாலும் மாடுதான், 'மாடு வந்தன' என்றாலும் மாடுதான். பால்பகா அஃறிணைப் பெயர் என்று இதற்கு நம் இலக்கணத்தில் அழகான பெயரும் உண்டு. ஒருமை பன்மையைத் தமிழ் வினையில் காட்டிவிட்டுப் பெயரைச் சும்மா விட்டுவிடும். ஆங்கிலம் பெயரிலேயே காட்டு என்று சட்டையைப் பிடிக்கும். விட்டுவிடக்கூடிய வழக்கத்திலிருந்து விடக் கூடாத வழக்கத்துக்குப் போகிற குழந்தை, எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாச் சொல்லுக்கும் ஓர் 'எஸ்'ஸை ஒட்டிவிடுகிறது. பிரெட்ஸ், சோப்ஸ், பர்னிச்சர்ஸ். இது மந்த புத்தி அல்ல, அதி ஜாக்கிரதை. இதைத் தெரிந்துகொள்ளாமல் குட்டுகிறவர் வைத்தியம் தெரியாமல் ஊசி போடுகிறவர்.

பாடப் புத்தகத்தின் மீது இன்னொரு வழக்கும் இருக்கிறது. அந்தப் பட்டியலில் வரும் சாமான்கள் யார் வீட்டுச் சாமான்கள்? 'எ லோப் ஆப் பிரெட்', 'எ ஸ்லைஸ் ஆப் சீஸ்', 'எ ஜார் ஆப் ஜாம்'. லண்டனில் யாரோ ஒருவர் காலைப் பலகாரத்துக்கு உட்கார்ந்த மேஜையைத் தூக்கிக்கொண்டு வந்து நம் வகுப்பில் போட்டிருக்கிறார்கள். நம்முடைய பல வீடுகளில் ரொட்டி காய்ச்சல் வந்தால் வாங்குகிற பண்டம். பார்த்தறியாத பாலாடைக் கட்டிக்கு எத்தனை துண்டு என்று குழந்தை ஏன் தலையை உடைத்துக்கொள்ள வேண்டும்?

நம் அடுக்களைக்குள் வந்து பாருங்கள். ஒரு பல் பூண்டு. ஆங்கிலத்திலும் பூண்டை எண்ணுவதில்லை. 'எ குளோவ் ஆப் கார்லிக்' என்று பல்லைத்தான் எண்ணுவார்கள். எவ்வளவு பொருத்தம்! ஒரு சிட்டிகை உப்பு, 'எ பின்ச் ஆப் சால்ட்'. ஒரு கட்டுக் கீரை, ஒரு கொத்துக் கறிவேப்பிலை, ஒரு சீப்பு வாழைப்பழம், ஓர் அச்சு வெல்லம், ஒரு சொட்டு நெய், ஒரு மடக்குத் தண்ணீர். இவ்வளவு சொற்களை வாயில் வைத்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு 'ஆப்' போட்டுப் பேசுவது ஒரு கஷ்டமா? ஹோட்டலில் "நாலு காபி!" என்று பரிசாரகர் குரல் கொடுக்கிறார். ஆங்கிலக் காபிக் கடையிலும் 'போர் காபீஸ்' என்றுதான் கேட்கிறார்கள். கோப்பைக் கணக்கு வந்தவுடன் எண்ணாத காபி எண்ணுகிற காபி ஆகிவிடுகிறது. முடியும் அப்படித்தான். தலையில் இருக்கிறவரை அது எண்ணிக்கையில்லாத 'ஹேர்'. சாம்பாரில் விழுந்துவிட்டால் 'எ ஹேர்'! பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு நாம் எண்ணிக் காட்டிவிடுகிறோம் அல்லவா?

எங்கள் தெரு முனையில் ஓர் அம்மாள் பூ விற்கிறாள். அவள் மகள் அருகிலுள்ள ஒரு பள்ளியில் படிக்கிறாள். ஒருநாள் மாலை பூக்கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். வகுப்பில் 'டூ சோப்ஸ்' என்று சொன்னாளாம், எல்லாரும் சிரித்தார்களாம், வீட்டில் யாரையாவது கேட்டுப் படித்து வரக் கூடாதா என்று ஆசிரியை கேட்டாராம். "என்னைக் கேட்டு என்ன செய்யறது சாமி? எனக்கு எழுத்தே கூட்டத் தெரியாது. இதுக்குச் சொல்லிக் கொடுக்க நான் எங்கே போவேன்?" என்றாள் தாய்.

நான் அவள் கூடையைப் பார்த்தேன். ரோஜாவை அவள் எண்ணிக் கொடுக்கிறாள். சாமந்தியை நிறுத்துக் கொடுக்கிறாள். மல்லிகை மொட்டை ஆழாக்கில் அளந்து கொடுக்கிறாள். கட்டிய சரத்தை முழம் போட்டுக் கொடுக்கிறாள். எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல்! நன்னூலார் நான்காகப் பிரித்து வைத்த அளவைகள் அந்த ஒரே கூடையில் இருந்தன. எதை எண்ண வேண்டும், எதை அளக்க வேண்டும் என்பதில் அவள் ஆயுளில் ஒருநாளும் தவறியிருக்க மாட்டாள். தவறினால் அன்று அடுப்பு எரியாது. அந்தத் தாயைப் பார்த்துத்தான், உனக்கு ஒன்றும் தெரியாது என்று ஒரு கல்வி முறை சொல்லியிருக்கிறது. அவளும் அதை நம்பிவிட்டாள்! என் கோபமெல்லாம் இந்த இடத்தில்தான். 'எஸ்' போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன? ஒரு பெண் குழந்தை தன் தாயை ஒன்றும் தெரியாதவள் என்று நினைக்க ஆரம்பிக்கிறதே, அந்த நஷ்டத்துக்கு யார் ஈடு கட்டுவது?

குறை சொல்லிவிட்டு ஓடிவிடுகிறேன் என்று வாசகர்கள் நினைக்க வேண்டாம். வழியும் சொல்கிறேன். செலவில்லாத வழி.

மாதம் பிறந்ததும் வீட்டில் மளிகைச் சாமான் பட்டியல் போடுகிறோம் அல்லவா? அதைக் குழந்தையிடம் கொடுங்கள். ஒரு தாளில் மூன்று பத்தி பிரிக்கச் சொல்லுங்கள். 'எத்தனை' என்று கேட்டு வாங்குகிறவை முதல் பத்தி: முட்டை, தேங்காய், எலுமிச்சம்பழம், மெழுகுவர்த்தி, பல் தேய்க்கும் தூரிகை. 'எவ்வளவு' என்று கேட்டு வாங்குகிறவை இரண்டாம் பத்தி: அரிசி, சர்க்கரை, எண்ணெய், உப்பு, மாவு, பற்பசை. இந்த இரண்டிலும் தமிழும் ஆங்கிலமும் பெரும்பாலும் கைகோத்துப் போகும். குழந்தைக்கு ஒன்றும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். ஆங்கிலப் பெயரை மட்டும் சொன்னால் போதும்.

மூன்றாம் பத்திதான் பாடம். தமிழில் எண்ணுகிறோம், ஆங்கிலத்தில் எண்ணுவதில்லை என்கிற சண்டைக்காரச் சொற்கள் அங்கே வரட்டும். சோப்பு அதில் முதல். நாம் "இரண்டு சோப்பு" என்போம். ஆங்கிலத்தில் 'டூ பார்ஸ் ஆப் சோப்'. துணி துவைக்கிற சோப்பை நீளக் கட்டியாக வைத்துக்கொண்டு வெட்டிக் கொடுப்பதைப் பார்த்த குழந்தைக்கு இது எளிதில் மனத்தில் தங்கும். வெட்டிய துண்டைத்தான் எண்ணுகிறார்கள், சோப்பை அல்ல. அதற்கடுத்து ரொட்டி. 'பன்' எண்ணுகிற சொல், 'பிரெட்' எண்ணாத சொல் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். பிறகு பர்னிச்சர், லக்கேஜ், மணி. பண்டங்களுக்குப் பிறகு கைக்கு அகப்படாதவை: நியூஸ், இன்பர்மேஷன், அட்வைஸ். புத்திமதியை எண்ணக் கூடாது என்கிற விதியை மட்டும் நம் பிள்ளைகள் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வார்கள். எண்ணி முடியாத அளவுக்குத்தான் நாம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்!

மூன்றாம் பத்தியில் அன்றாடம் வருகிற சொற்கள் இருபதுக்கு மேல் போகா. ஆக, ஆண்டுக்கணக்காக நடத்தி, அழவைத்து, குட்டி, கூனிக்குறுக வைக்கிற பாடம் மொத்தமும் இருபது சொல்! மிச்சத்தையெல்லாம் குழந்தை வீட்டிலிருந்தே கொண்டு வந்துவிட்டது. 'கவுண்டபிள்', 'அன்கவுண்டபிள்' என்ற பெயர்களைப் பரீட்சைக்கு முதல் நாள் சொல்லிக் கொடுத்தால் போதும். அதுவரை அவை எத்தனைச் சொல், எவ்வளவுச் சொல் என்றே இருக்கட்டும்.

இதற்கு என்னென்ன ஆட்சேபணை வரும் என்று எனக்குத் தெரியும்.

ஆங்கில வகுப்பில் தமிழை நுழைத்தால் ஆங்கிலம் வராது என்பார்கள். தமிழில் பேசினால் அபராதம் விதிக்கிற பள்ளிக்கூடங்கள் இதைத்தான் சொல்கின்றன. ஐயா, நீங்கள் நுழைக்க வேண்டியதில்லை. அது ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. குழந்தை வாயை மூடிக்கொண்டிருந்தாலும் மனத்துக்குள் தமிழில்தான் கேட்டுக்கொள்கிறது. உள்ளே இருக்கிற அறிவை வேலைக்கு அழைப்பதா, வாசலில் நிறுத்துவதா என்பதுதான் கேள்வி. வலது பையில் பணத்தை வைத்துக்கொண்டு இடது பையைத் துழாவிக் கடன் கேட்கிறவனைக் கெட்டிக்காரன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பேச்சு ஆங்கிலம் கற்பிக்கும் வியாபாரிகள் வேறு ஒன்று சொல்வார்கள். பிழை விட்டால் உலகம் சிரிக்கும், வேலை கிடைக்காது, எங்களிடம் வாருங்கள் என்பார்கள். அந்தப் பயத்தை விற்றுத்தான் அவர்கள் பிழைக்கிறார்கள். இங்கிலாந்திலேயே என்ன நடந்தது தெரியுமா? அங்காடிகளில் கொஞ்சமாகச் சாமான் வாங்குகிறவர்களுக்கு என்று தனி வரிசை உண்டு. பத்துச் சாமானோ அதற்குக் குறைவோ என்று அங்கே பலகை வைத்திருந்தார்கள். குறைவு என்பதற்கு எண்ணுகிறவற்றோடு சேர வேண்டிய 'பியூவர்' என்ற சொல்லைப் போடாமல், அளக்கிறவற்றோடு சேர்கிற 'லெஸ்' என்ற சொல்லைப் போட்டுவிட்டார்கள் என்று இலக்கணப் பிரியர்கள் வருஷக்கணக்கில் சண்டை பிடித்தார்கள். டெஸ்கோ என்ற பெரிய கடை 2008-இல் அந்தப் பலகையையே மாற்றி, பத்துச் சாமான் வரை என்று எழுதி வம்பிலிருந்து தப்பித்துக்கொண்டது. தாய்மொழிக்காரர்களே கடை வாசலில் தடுமாறுகிற இடத்தில் பூக்காரி மகள் தடுமாறினால் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது?

இன்னொரு பக்கத்திலிருந்து நம் தமிழன்பர்கள் வருவார்கள். அந்நிய பாஷைக்கு ஏன் இந்தப் பாடு, தூக்கி எறியுங்கள் என்பார்கள். அவர்களிடம் ஒரு மருந்துப் புட்டியைக் கொடுக்க விரும்புகிறேன். மாத்திரை 'எத்தனை' என்கிற சங்கதி. திரவ மருந்து 'எவ்வளவு' என்கிற சங்கதி. புட்டியின் மேல் 'டீஸ்பூன்' என்று போட்டிருந்தால் 5 மில்லி லிட்டர். 'டேபிள்ஸ்பூன்' என்று போட்டிருந்தால் 15 மில்லி லிட்டர். "ஒரு ஸ்பூன்தானே" என்று எண்ணிக் கொடுத்துவிட்டால் குழந்தையின் வயிற்றுக்குள் போவது மூன்று மடங்கு. ஸ்பூனை எண்ணினால் போதாது, அதன் அளவைப் படிக்கத் தெரிய வேண்டும். அந்த எழுத்து ஆங்கிலத்தில் இருக்கிற வரையில் ஆங்கிலம் நமக்கு வேண்டியதுதான்.

மருந்து மட்டுமல்ல, கடையில் தொங்குகிற ஒவ்வொரு பாக்கெட்டும் ஓர் இலக்கணப் பாடம். 'எ பாக்கெட் ஆப் பிஸ்கட்ஸ்' என்று பாடத்தில் எழுதுகிறோமே, அதில் 'பாக்கெட்' என்ற சொல் செய்கிற தந்திரத்தைப் பாருங்கள். அளக்க வேண்டிய சரக்கை அது எண்ணுகிற சரக்காக்கிவிடுகிறது. நாம் ஒரு பாக்கெட், இரண்டு பாக்கெட் என்று எண்ணுகிறோம். விலை அதே பத்து ரூபாய். உறையும் அதே நிறம். உள்ளே கிராம் மட்டும் சத்தமில்லாமல் குறைந்துகொண்டே போகிறது. 'எத்தனை' என்று மட்டும் கேட்கிறவன் ஏமாறுகிறான். 'எவ்வளவு' என்றும் கேட்கிறவன் பிழைக்கிறான்.

நம் நாட்டுச் சட்டம் இதை அறிந்திருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும், அதன் கீழ் 2011-இல் வந்த பொட்டலப் பொருள் விதிகளும் உறைக்குள் இருப்பதை எடையிலோ, அளவிலோ, எண்ணிக்கையிலோ சொல்ல வேண்டும் என்கின்றன. சோப்பின் உறையைப் பாருங்கள்: கிராம் போட்டிருக்கும். எண்ணெய்ப் புட்டியைப் பாருங்கள்: மில்லி லிட்டர் போட்டிருக்கும். பல் தூரிகையின் அட்டையைப் பாருங்கள்: '1 என்' என்று எண்ணிக்கை போட்டிருக்கும். 2021-இல் அந்த விதிகளைத் திருத்தியபோது, ஒரு கிராமுக்கு என்ன விலை, ஒரு மில்லி லிட்டருக்கு என்ன விலை, ஒன்றுக்கு என்ன விலை என்று அலகு விலையையும் அச்சிட வேண்டும் என்று சேர்த்தார்கள். வீட்டுக்கு வரும் உறைகளில் பத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டால் அதைவிடச் சிறந்த ஆங்கில இலக்கணப் புத்தகம் வேறு இல்லை. குப்பைக்குப் போகிற காகிதம் அது. ஆங்கிலமும் வரும், சந்தையில் ஏமாறாத புத்தியும் வரும்.

ஆகையால் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்தப் பாடம் வரும்போது புத்தகத்தை மேஜைமேல் கவிழ்த்துவிட்டு ஒரு பையில் அரிசி, நாலு முட்டை, ஒரு பூண்டு, ஒரு சோப்பு எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் போங்கள். அரிசியில் ஒரு மணியை எடுத்து, இதை எண்ண முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்று பிள்ளைகள் கத்தும். பிறகு ஏன் ஆங்கிலக்காரர் எண்ணுவதில்லை என்று கேளுங்கள். "நாமும்தான் எண்ணுவதில்லையே!" என்று ஒரு குரலாவது எழும். அந்தக் குரல் எழுந்துவிட்டால் அதற்குமேல் நீங்கள் விதி சொல்ல வேண்டியதில்லை.

பெற்றோர்களுக்கு, முக்கியமாக எழுத்துக் கூட்டத் தெரியாத தாய்மார்களுக்கு, ஒன்று சொல்வேன். இலக்கணத்தின் பெயர்கள்தான் உங்களுக்குத் தெரியாது, இலக்கணம் தெரியும். அம்மா, உங்கள் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அளந்து போடுங்கள், எண்ணிப் போடுங்கள். "இது எத்தனை? அது எவ்வளவு?" என்று கேளுங்கள். அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லட்டும். சரியா தப்பா என்று உங்களுக்குத் தெரியாமல் போகலாம். அதைப் பார்க்க ஆசிரியை இருக்கிறார். ஆனால் கேள்வி சரியான கேள்வி. அதைக் கேட்க உங்களைவிடத் தகுதி உள்ளவர் யாரும் இல்லை.